களிமண் பாடம்

அலமாரிக் கதவுகளை விரியத் திறந்து, எதிரே தரையில் உட்கார்ந்து மைக்கைக் கையில் எடுத்தாள் பேராசிரியை. இரண்டு வரி பேசிவிட்டுக் கேட்டுப் பார்த்தாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல எதிரொலித்தது. கணவரின் சட்டைகளைப் போன மாதம்தான் தங்கை மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்திருந்தாள். இத்தனை காலம் எதிரொலியை விழுங்கிக்கொண்டிருந்தவை அந்தச் சட்டைகள்தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

வகுப்பில் தலைக்கு மேலே போகும் மண் பொறியியலைப் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போதாவது கேட்கட்டும் என்று பாட்காஸ்ட் ஆரம்பித்தவள் அவள். கேள்வி கேட்க ஆள் வேண்டுமே என்று பல் டாக்டரான கணவரைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். முதல் நாளே மனிதர், "களிமண்ணா? என் தலைக்குள்ள இருக்கிறதே அதுதானே, தைரியமா சொல்லு" என்றார். அவள் சிரித்த சிரிப்பைப் பதிவிலிருந்து வெட்டாமல் அப்படியே விட்டார்கள். கல்லூரி முழுக்க அவர் 'மக்கு சார்' ஆகிப்போனார். அந்தப் பட்டத்தில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

அவர் போய் ஒரு வருடமாகிறது. பாட்காஸ்டும் அதோடு நின்றது. நேற்று ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கல்லூரியில் அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பரீட்சை வருது மேடம். கடைசிப் பாடத்தை மட்டும் போட்டுடுங்க. வகுப்புல கேக்கக் கூச்சமா இருக்கும். நாங்க கேக்க நினைக்கிறத சார் கேட்டுடுவார்."

"அவர் இல்லாம எப்படிம்மா?"



இப்போது பேராசிரியை தரையிலிருந்து எழுந்துபோய் வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் அள்ளிவந்து அலமாரியில் தொங்கவிட்டாள். எதிரொலி அடங்கியது. மறுபடி ஆரம்பித்தாள். "பாரம் ஏத்தினதும் களிமண்ணு அதைத் தாங்காது. உள்ள இருக்கிற தண்ணிதான் முதல்ல தாங்கும். அது கசிஞ்சு வெளியேற வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் கட்டடம் மெதுவா அமுங்கிட்டே இருக்கும்."

இந்த இடத்தில் அவர் குறுக்கே புகுந்து ஏதாவது கேட்டிருப்பார். பழக்கதோஷத்தில் பேச்சை நிறுத்திப் பக்கத்தில் திரும்பினாள். வெறும் தரை. இதை வெட்டிவிட்டு மேலே போகலாம் என்று விரல் பொத்தானைத் தேடியது. நாளைக்குப் பஸ்ஸில் அந்த மாணவி பதிவைக் கேட்டுக்கொண்டே இந்த இடத்துக்கு வருவாள், அவளுக்கும் ஏதோ கேட்கத் தோன்றும் என்று நினைத்தபோது விரல் நின்றது.

"ம், கேளுங்க" என்றாள், எப்போதும்போல.

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள்.