அடுப்பேறிய தேன்

காலையிலிருந்து கோகிலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேலத்தில் மூன்று கடை வைத்திருக்கும் மோகன்ராஜ் பதினொரு மணி பஸ்ஸில் வருகிறார். தேன் அவருக்குப் பிடித்துப்போனால் மாதம் நாற்பது பாட்டில் இவளிடம்தான். மலைமேல் அரியூர் நாட்டு ரோட்டோரத்தில் கடை வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பவளுக்கு அது லேசுப்பட்ட விஷயமா?

அந்த நேரம் பார்த்துத் தேன் உறைந்து தொலைத்தது. மார்கழிக் குளிரில், மரப்பொந்துகளில் எடுத்த பொந்துத்தேன் பாட்டில்களெல்லாம் பாதிக்குமேல் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு நின்றன. நல்ல தேன் குளிருக்கு உறையும் என்று மலையில் பிறந்தவளுக்குத் தெரியாதா? கீழ்நாட்டுக்காரர்களுக்கு யார் சொல்வது! போன ஞாயிற்றுக்கிழமை அருவி பார்க்க வந்த ஒரு மகராசன், "அடியில பாரு, அத்தனையும் சீனி" என்று ரோட்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். தீக்குச்சியைத் தேனில் முக்கிப் பற்றவைத்து ஆராய்ச்சி வேறு.

நாலு தடவை ரோட்டை எட்டிப் பார்த்தாள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பாட்டில்களையெல்லாம் குண்டாவில் கவிழ்த்து அடுப்பில் ஏற்றிவிட்டாள். வெள்ளை கரைந்தது, நுரைத்துப் பொங்கியது, சிவந்து தெளிந்தது. கையைச் சுட்டுக்கொண்டு அவசர அவசரமாகப் பாட்டிலில் ஊற்றி முடிக்கவும் பஸ் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

மோகன்ராஜ் முதலில், கொசுவளவே இருக்கும் தேனீ சேர்க்கும் கொசுத்தேனை நாக்கில் வைத்தார். அதன் புளிப்புக்குத் திருப்தியாகத் தலையாட்டினார். கோகிலாவுக்குப் போன உயிர் வந்தது. அடுத்துப் பொந்துத்தேன். மோந்து பார்த்தவரின் முகம் சுருங்கியது.

"ஏம்மா, இந்தக் குளிருக்கு ஒரு பாட்டில்கூட உறையலையே? பாகு வாசம் வேற வருது. இது காய்ச்சின தேன்."

பத்து வருஷமாக அவளுக்குத் தேன் எடுத்துக் கொடுக்கும் சென்றாயன், அப்போதுதான் புதுத்தேன் கேனோடு வந்து வாசலில் நின்றார்.

மோகன்ராஜ் அவரைக் கவனிக்கவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். தேன் எடுத்த ஆளு உங்களை ஏமாத்தியிருக்கான். ஆளை மாத்துங்க, ஆர்டர் உங்களுக்குத்தான். என்ன, சரிதானே?"

நான்தானுங்க காய்ச்சினேன். இரண்டே வார்த்தை. நாக்குநுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "சரிங்க" என்றாள். சொன்ன மறுகணமே வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவர் ஆர்டரை எழுதிக் கொடுத்துவிட்டு, வந்த பஸ் திரும்பும்போது ஏறிப் போகும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

சென்றாயன் கேனைத் தோளில் ஏற்றினார்.

"எங்கண்ணா போறீங்க? தேனை எறக்குங்க. நாப்பது பாட்டில் வேணுமாமுங்க."

"ஆளை மாத்தச் சொன்னாருல்ல கண்ணு. மாத்திக்க."

குரலில் கோபம்கூட இல்லை. அவர் வளைவு திரும்பும்போது கோகிலா ரோட்டுக்கே ஓடிவந்து, "நான்தாண்ணா காய்ச்சினேன்!" என்று கத்தினாள்.

தன் தேனை அடுப்பேற்றியது யாரென்று அவருக்குத் தெரியாதா? தெரிய வேண்டிய மனிதர் பஸ்ஸில் மலையிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.