எழுபத்தோராம் பக்கத்து நாய்

என்னை எழுத்தாளர் என்று ஒப்புக்கொள்பவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் என் பதிப்பாளர், அவருக்கு வேறு வழியில்லை. இன்னொருவர் நானே.

அதனால் என் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, எங்க ஸ்கூல் நூலகத்துக்கு வந்து நீங்க பேசணும், ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க உங்க நாவலைப் படிச்சு முடிச்சிருக்காங்க" என்றபோது, அவள் முடிப்பதற்குள் என்ன உடுத்துவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அவள் அந்தப் பள்ளியின் நூலகர். கவலை அவளுக்கு வேறு. புதன்கிழமைதோறும் ஏழாம் வகுப்புக்கு ஒரு நூலக பீரியட் உண்டு. அதைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்துவிடத் தலைமை ஆசிரியர் நினைக்கிறாராம். "பிள்ளைங்க நிஜமாவே படிக்கறாங்களா, இல்ல படத்தைப் பாத்துட்டுத் திருப்பி வைக்கறாங்களான்னு கேக்கறாரு அண்ணி. அன்னைக்கு வந்து உக்காந்து பாத்துட்டு அங்கேயே முடிவு சொல்லுவாராம். ஏழாம் வகுப்பு போச்சுன்னா மத்ததும் ஒண்ணொண்ணா போயிரும்."

"நீ ஏன் பயப்படற? நான் பேசற பேச்சுல அவரே ரெண்டு புத்தகம் எடுத்துட்டுப் போவாரு" என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

நூலகம் என்றால் ஒரு வகுப்பறைதான். சுவரோரம் ஐந்து இரும்பு அலமாரிகள், சரியாகச் சாத்தாத ஒரு ஜன்னல், தரையில் பாய். பாயில் முப்பத்தாறு பிள்ளைகள். மேசைமேல் பழுப்புத்தாள் அட்டை போட்ட என் புத்தகம், முனைகளெல்லாம் மடங்கி, நடுவில் பிரிந்து கிடந்தது. இத்தனை கைகள் பட்டிருக்கின்றனவே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தலைமை ஆசிரியர், மடியில் ஒரு குறிப்பேட்டுடன்.

நான் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். எழுத்து ஒரு தவம் என்றேன். "ஒவ்வொரு வாக்கியத்தையும் பத்துத் தடவை படிச்சுப் பாத்துட்டுதான் அடுத்ததுக்கே போவேன்" என்றும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். வினை அப்படித்தான் வரும், வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை.

பிறகு என் நாத்தனார் ஒரு செருப்புப் பெட்டியைத் திறந்தாள். அது அவளுடைய ஏற்பாடு. வாரம் ஓர் அத்தியாயம் சத்தமாக வாசிப்பார்கள், புத்தகம் கை மாறும், சந்தேகம் வந்தவர்கள் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பக்க எண் இல்லாத சீட்டு செல்லாது. அன்று பெட்டியில் பத்தொன்பது சீட்டுகள் இருந்தன. அதில் பதினொன்று எழுபத்தோராம் பக்கத்தைப் பற்றியது. அந்தப் பக்கத்தில் நான் ஏதோ அபாரமாக எழுதியிருக்கிறேன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ரெட்டைச்சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"முப்பத்திரெண்டாம் பக்கத்துல சுருட்டை செத்துப்போச்சு மிஸ். மரத்தடியில புதைச்சாங்க. நாங்க அழுதோம். எழுபத்தொண்ணாம் பக்கத்துல அது திருடனைப் பாத்துக் குரைக்குதே, எப்படி?"

சுருட்டை என்பது என் நாவலில் வரும் நாய். முதலில் எழுதியபோது அது கடைசிவரை உயிரோடுதான் இருந்தது. கதையில் சோகம் போதாது என்று பதிப்பாளர் சொன்னதால் மூன்றாம் அத்தியாயத்தில் கொன்றேன். கொன்றால் போதாது, அதற்குப் பிறகு அது வாலாட்டும் இடங்களையெல்லாம் தேடி எடுக்க வேண்டும். ஆறாம் அத்தியாயம்வரை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்புறம் வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள். அவர்கள் போன பிறகு எல்லாம் முடித்துவிட்டதாகவே எனக்கு ஞாபகம்.

இதையெல்லாம் அப்போதே சொல்லியிருக்கலாம். தவம் என்று வேறு பேசிவிட்டேனே!

"அது வந்து... நிஜ நாய் இல்லம்மா. அந்தப் பையனோட நினைவுல கேக்கற குரல். அது ஒரு உத்தி."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு விநாடி தாங்கவில்லை.

"ஆனா அது திருடனோட பேன்ட்டைக் கடிச்சுக் கிழிச்சுச்சே மிஸ். நினைவுக்குப் பல்லு இருக்குமா?"

முப்பத்தாறும் சிரித்தன. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மேலோட்டமா படிச்சா இப்படித்தான் தோணும். கவனமா திரும்பப் படி, புரியும்" என்று வெட்டினேன்.

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. தலைமை ஆசிரியர் பேனாவை மூடினார்.

"டீச்சர், எழுதினவங்களே சொல்றாங்க, பிள்ளைங்க ஒழுங்கா படிக்கலைன்னு. பதினொரு பேர் ஒரே மாதிரி தப்பாப் புரிஞ்சு வெச்சிருக்காங்க. இதுக்கு வாரம் ஒரு பீரியடா?"

நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. சீட்டுகளைத் திரும்பப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள். ரெட்டைச்சடை மேசையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து, பாயில் உட்கார்ந்து, முப்பத்திரண்டிலிருந்து ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனாள். தான் எதை விட்டோம் என்று தேடுகிறாள்!

அதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நான் மகா கர்வி, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒரு பிள்ளை, நான் எழுதாத ஒன்றை என் புத்தகத்தில் தேடிக்கொண்டிருப்பதா?

"தேடாதம்மா. அங்க ஒண்ணும் இல்ல. நீ படிச்சதுதான் சரி. நான் பொய் சொன்னேன்."

விருந்தாளி வந்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பத்துத் தடவை படிப்பேன் என்றதும் புளுகு, இந்தப் புத்தகம் அச்சாகி வந்த பிறகு அட்டையைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை என்றும் சொன்னேன்.

தலைமை ஆசிரியர் எழுந்து முன்னால் வந்தார். "அச்சடிக்கறதுக்கு முன்னாடி யாருமே படிக்கலையா மேடம்?"

"மூணு பேர் படிச்சோம் சார். நானு, பதிப்பாளர், என் வீட்டுக்காரர்."

"மூணு பேர் கண்ணுலயும் படலையா?"

"என் வீட்டுக்காரர் படிக்கல சார். படிச்சேன்னு சொன்னாரு, அவ்வளவுதான்."

தன் அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்ததும் நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைமை ஆசிரியர் பெட்டியிலிருந்து எழுபத்தோராம் பக்கத்துச் சீட்டுகளை மட்டும் எடுத்து நிதானமாகப் படித்தார். ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து, வேறு வேறு விதமான சண்டை. ஒருவன் கிழிந்த பேன்ட்டுக்குப் படமே போட்டிருந்தான்.

"புதன்கிழமை பீரியட் அப்படியே இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் மணியடித்ததும் ஓடிப்போனார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பெரிய தியாகம் செய்த களைப்பு எனக்கு.

"பாத்தியா? அவமானத்தைப் பாக்காம உண்மையைச் சொல்லி உன் பீரியடைக் காப்பாத்திட்டேன்."

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டே, "நான் முதல் தடவை படிச்சப்பவே அந்த நாயைப் பாத்துட்டேன் அண்ணி" என்றாள்.

"அடிப்பாவி! அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வர்றதுக்கு முன்னாடியே பதிலைத் தயார் பண்ணிருவீங்க. பிள்ளைங்க தானா கண்டுபிடிச்சு, அதை எழுதினவங்களே ஒத்துக்கிட்டாதான் சார் நம்புவாரு. அதுக்காகத்தான் இந்தப் புத்தகத்தை எடுத்தேன்."

"நான் நல்லா எழுதியிருக்கேன்னு எடுத்தன்னு நினைச்சேன்."

"அது... பரவாயில்லாம எழுதியிருக்கீங்க." சுருட்டிய பாயை மூலையில் சாத்திவிட்டு நிமிர்ந்தாள். கண் ஓரம் சிவந்திருந்தது. "தப்பு இருக்கற புத்தகம் நிறைய இருக்கு அண்ணி. கேட்டா ஒத்துக்கற ஆளு நீங்கன்னு நம்பித்தான் கூப்பிட்டேன். நடுவுல அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு உயிரே போயிருச்சு."

வெட்கமாக இருந்தது, அழுகை அழுகையாக வந்தது. மேசைமேல் இருந்த செருப்புப் பெட்டியைத் திறந்து, மீதி எட்டுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.