கப்டன் முத்தலிப் கரைக்கு வந்த விதம்

"அப்ப அந்த ரெண்டர மணித்தியாலமும் படக ஆரு ஓட்டின?"

பேனையைத் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி, திடீர் மரண விசாரணை அதிகாரி பாக்கியராசா இரண்டாம் தடவையும் கேட்டார். கூடத்தின் நடுவே வெள்ளைத் துணிக்கடியில் முத்தலிப் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். அறை வாசல் திரைக்கு அங்கால், மகள் றஸ்னாவின் தோளில் சாய்ந்திருந்தாள் அவருடைய மனைவி றபீக்கா. பதில் அவளிடம் இருந்தது.

கணக்கு இடித்தது. இருதய வருத்தக்காரரான முத்தலிப்புக்கு உயிர் போனது லுஹர் நேரம், பகல் பன்னிரண்டரைக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். படகு கல்முனைக்குடிக் கரையில் ஏறியது மூன்று மணிக்கு. அப்போது கப்டன் தொப்பியோடு, எஞ்சின் பிடியில் கை வைத்தபடி முத்தலிப்தான் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு நூறு பேர் சாட்சி.

"இதுல விசாரிக்க என்ன சேர் ஈக்கு?" என்றார் முத்தலிப்பின் தம்பி முர்ஷித். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர். மைக் இல்லாத இடத்திலும் அது இருப்பதுபோலவே கதைப்பவர். "எங்கட காக்கா மௌத்தாப் போன பொறகும் போட்டக் கரைக்குக் கொண்டு வந்திரிக்காரு. இது கறாமத்து."

கூடம் சுப்ஹானல்லாஹ் என்றது. இந்த அற்புதம் முர்ஷித்தின் முகநூலில், முர்ஷித்தின் படத்தோடு ஏறி அரை மணித்தியாலமாகியிருந்தது.

"கறாமத்தெண்டு எழுத இந்தப் படிவத்தில இடமில்ல," என்றார் பாக்கியராசா. "ஓட்டின ஆளத் தெரியாட்டி நான் ஒப்பம் வெக்க ஏலாது. ஆசுபத்திரிக்கு அனுப்பி வெட்டிப் பாக்கத்தான் வேணும். உடம்பு நாளைக்குத்தான் கிடைக்கும்."

அன்றைக்கே அடக்க வேண்டிய மையத்து. றபீக்கா மகளின் தோளிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

முத்தலிப் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் மதகு திறந்து மூடியவர். வாய்க்கால் சொல்வழி கேட்டதால் கடலும் கேட்கும் என்று நம்பினார். ஓய்வு பெற்றதும் பைபர் படகொன்று வாங்கி, 'கல்முனை–திருகோணமலை கரையோரப் பெரும் பயணம்' என்று பதாகை அடித்து, அதில் தன்னைப் பெரிதாகவும் படகைச் சிறிதாகவும் போட்டுக்கொண்டார். கீழே, பொடி எழுத்தில், 'உதவி: மனைவி'.

பெரியநீலாவணைக்கு நேரே போகும்போதே கடல் தன் பதிலைச் சொல்லிவிட்டது. முத்தலிப் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காலையில் தின்ற ரொட்டியைத் திருப்பிக் கொடுத்தார். எஞ்சினை றபீக்கா எடுத்தாள். மாளிகைக்காட்டில் அவள் வாப்பாவுக்குப் படகு இருந்தது, ஆண்பிள்ளை இருக்கவில்லை. கலியாணத்துக்கு முன் அவள் பார்க்காத கடலில்லை. அதன் பிறகு முப்பத்தைந்து வருடம் ஒருவரும் அவளிடம் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

போக வர ஐந்து நாளும் அதுதான் ஒழுங்கு. அவள் ஓட்டுவாள், அவர் தார்ப்பாய் நிழலில் படுத்துக் கட்டளையிடுவார். கரை தெரிந்ததும் எழுந்து தொப்பியைப் போட்டுப் பிடியில் கை வைப்பார். அந்தக் கைக்குப் பின்னால், அபாயாவின் அகன்ற கைக்குள் மறைந்து, அவளுடைய கை இருக்கும். வாகரையிலும் மூதூரிலும் ஆட்கள் கைதட்டினார்கள். மறுபடி கடலில் இறங்கியதும் இருவரும் வயிறு நோகச் சிரிப்பார்கள். முப்பத்தைந்து வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

"இஞ்ச பாரு புள்ள, நான் மௌத்தாப் போனாலும் இத ஒருத்தருக்கும் சொல்லப்படா," என்று வாக்கு வாங்கியிருந்தார்.

"சொன்னா மட்டும் ஆரு நம்பப் போற?" என்றிருந்தாள்.

திரும்பும் வழியில், புன்னைக்குடாவுக்கு நேரே, "கரையில எத்தின பேர் நிப்பாங்க?" என்று கேட்டார்.

"நூறு பேராவது வரும்."

"முர்ஷித் மாலை கொண்டு வருவானா?"

"அவனுக்கு ஒண்டு, உங்களுக்கு ஒண்டு கொண்டு வருவான்."

சிரித்தார். பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றி நீட்டினாள். வாங்கக் கை வரவில்லை.

முகம் தெரியாத கரையில் அவரை இறக்க மனமில்லாமல் வீட்டுக்கே ஓட்டினாள். தூரத்தில் பதாகை தெரிந்தது. வழக்கம்போல அவரை நிமிர்த்திச் சாய்த்து, தொப்பியைப் போட்டு, கையை எடுத்துப் பிடியில் வைத்தாள்.

இப்போது அந்தப் பதாகைக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மையத்து படகோட்டியது என்று நம்ப அத்தனை பேரும் தயார். றபீக்கா ஓட்டியிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான்தான் சேர் ஓட்டின," என்றது திரை.

முர்ஷித் இரக்கத்தோடு தலையாட்டினார். "மச்சி கவலையில கதைக்கிறா சேர். எழுதாதீங்க."

பாக்கியராசா கதிரையைத் திரைப் பக்கம் திருப்பினார். "அம்மா, இண்டைக்குக் கடல் நல்ல அடி. கரைக்கு எப்பிடி ஏத்தின நீங்க?"

"பெரிய அலை மூணையும் போக விட்டன். மறுகா வந்ததுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டே வந்து, தண்ணி குறையக்குள்ள எஞ்சினத் தூக்கிட்டன். அவர்ட கையப் பிடியில வெச்சதும் நான்தான்."

பாக்கியராசா எழுதினார்.

"ஆரு பழக்கின?"

றபீக்கா திரை இடுக்கால் பார்த்தாள். வெள்ளைத் துணியின் கால்மாட்டில் யாரோ அந்தத் தொப்பியை வைத்திருந்தார்கள்.

"அவர்தான்," என்றாள்.

"அதுதானே, காக்காவெண்டாக் காக்காதான்," என்றார் முர்ஷித், கறாமத்தைக் கைவிட்ட நட்டமே தெரியாமல். பாக்கியராசா ஒப்பம் வைத்தார். இரவு இஷாத் தொழுகைக்கு முன் ஜனாஸா அடங்கியது.

மறுநாள் காலை, கடற்கரையிலிருந்து எஞ்சின் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு இருமல்கூட இல்லை. மறுபடியும் இழுபட்டது.

றஸ்னா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். "முர்ஷித் சாச்சாதான் உம்மா. வாப்பாட தொப்பியையும் போட்டிரிக்காரு. போட்ட ஒலுவில் துறைமுகத்துக்குக் கொண்டு போகப் போறாராம். இனி அவர் பொறுப்பாம்."

நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இத்தா இருக்க வேண்டிய றபீக்கா, கட்டிலில் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கரை ஏறியதும் எஞ்சினின் பெற்றோல் குழாயைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது மாளிகைக்காட்டு வீட்டுப் பழக்கம்.

"ஏன் உம்மா ஸ்டார்ட் ஆகுதில்ல?"

"தெரியாது மகள்."

கயிறு இன்னொரு தடவை இழுபட்டது. அவள் ஒரு மணியைத் தள்ளினாள். தலையணைக்கடியிலிருந்த கைப்பையில் இலேசாகப் பெற்றோல் மணத்தது.