ஒன்பது பேரும் ஏழு பேரும்

ஆங்கிலேய ஊரான சட்டனில் ஓட்டல் துணி வெளுக்கும் லாண்டரி அது. சலவை அறையில் மலேசியத் தமிழர் ஒன்பது பேர். அயன் அறையில் யாழ்ப்பாணத்தார் ஏழு பேர். நடுவிலிருந்த கதவை ஆறு வருசமாகத் தாண்டிப் போனது துணிவண்டி மட்டுந்தான்.

2006இல் மேனேஜர் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றான். "அயன் ரூம் ஒத்துக்கிட்டாங்க, நீங்க என்ன?" என்று கேட்டான். சலவை அறையில் அதைக் கேட்டு நின்றவர்களில் முனியாண்டியும் ஒருவன். அவன் பெண்சாதி பவளக்கொடிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணிக்கு இவன் போகாவிட்டால் அவளைக் கூட்டிப்போக நாதியில்லை.

டீ நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஒத்துக்கிட்டீங்களாமே?"

"நீங்கள் ஓமெண்டு சொன்னதாத்தானே எங்களுக்குச் சொன்னவன்!" என்றான் பாலேந்திரா.

"அப்ப ரெண்டு ரூமும் சேர்ந்துடுவோம்."

"ஏன் அண்ணை, திடீரெண்டு எங்களில பாசமோ?" பக்கத்து மேசைக் கலாவதி சிரித்தாள்.

"பாசமாவது! எனக்கு ஏழு வயசுல மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஒரே நாடாச்சு. பாசத்துலயா? சிங்கப்பூருக்குச் சந்தை வேணும். சிங்கப்பூர் கம்யூனிஸ்ட் கைக்குப் போயிடுமோன்னு மலாயாவுக்குப் பயம். வெள்ளைக்காரன் கிளம்பினா பக்கத்துப் பெரிய நாடு முழுங்கிடுமோன்னு மத்த ரெண்டுக்கும் பயம். கூட்டரசு அப்படித்தான் வந்துச்சு."

"கூட்டரசோ?"

"ஃபெடரேஷன்."

பாலேந்திரா அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "சமஷ்டி. எங்கட அப்பர் அதைக் கேட்டுக் கேட்டே செத்தவர். எண்ணிக்கை கூடினவன் எழுதிக் குடுப்பான், பிறகு கிழிப்பான். நீங்கள் ஒன்பது, நாங்கள் ஏழு."

முனியாண்டி அந்தக் கணக்கை யோசித்ததேயில்லை. பதினாறு என்றுதான் நினைத்து வந்திருந்தான்.

"சபாக்காரன் இருபது நிபந்தனை போட்டான். நீங்களும் போடுங்க."

"ஒண்டு போதும். எங்கட ஏழு பேரும் சம்மதிக்காமல் ஒரு முடிவும் எடுக்கேலாது."

இதற்கு ஒத்துக்கொண்டால் சலவை அறையின் மற்ற எட்டுப் பேரும் இவனை உரித்துவிடுவார்கள். பவளக்கொடி பஸ் நிறுத்தத்தில் சுவரைப் பிடித்து நிற்பது கண்ணில் வந்தது. துணிச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். சலவை அறையில் வசவு வாங்கித்தான் மற்ற எட்டுக் கையெழுத்தும் வாங்கினான்.

மறுநாள் மேனேஜர் வந்தபோது கதவு திறந்திருந்தது. பதினாறு பேரும் ஒரே அறையில் நின்றார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், தன் கையிலிருந்த புது ஷிப்ட் தாளைப் பார்த்தான், பழைய ஷிப்டே இருக்கட்டும் என்று முனகிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு முனியாண்டி கோட்டை மாட்டினான்.

"அண்ணை," பாலேந்திரா கூப்பிட்டான், "சிங்கப்பூர் உங்கட கூட்டரசை விட்டு ரெண்டு வருசத்தில வெளிய போயிட்டுதாமே?"

"ஆமா."

"அப்ப ரெண்டு வருசத்துக்குப் பயமில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ."