தள்ளிவைக்க முடியாது

டிங் என்று அடித்தது. கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின, கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவரைத் தவிர.

"யாராவது உள்ள போய் அந்தச் சனியனை அணைச்சுத் தொலைங்களேன்," என்றார் பெரியப்பா.

தம்பி எழுந்து போனான். அண்ணனின் லேப்டாப் மேஜை மேல் திறந்தபடி கிடந்தது. நேற்று ஆபீஸிலிருந்து அண்ணனின் பையோடு கொடுத்தனுப்பியது. பைக்குள் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தது. திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம். பக்கத்தில் ஒரு வரி: 'அடுத்த நிகழ்வைத் தாண்டி இந்த நிகழ்வைத் தள்ளிவைக்க முடியாது.'

ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. 'சரி' என்பதை அழுத்தினான். போனது, வந்தது. மெயிலை மூடித் திறந்தான். மறுபடியும் வந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம்."

அண்ணனின் மேனேஜர் கதவோரம் நின்றார். மாலையை வைத்த பிறகும் இந்த மனிதர் ஏன் காலையிலிருந்து இங்கேயே சுற்றுகிறார் என்பது இப்போதுதான் புரிந்தது.

"இது எங்க எல்லார் மெஷின்லயும் வருது தம்பி. அவர் காலண்டர்லேருந்து அழிச்சாதான் போகுமாம். நீங்க இந்த வேலைதான் பாக்கறீங்கன்னு சொன்னாங்க..."

"சார், அவரை இன்னும் எடுக்கவே இல்ல."

"புரியுது. ஆனா ஸ்டாஃப் அதைப் பாத்துப் பாத்து அழறாங்க. வேலையே ஓடல."

தம்பி காலண்டரைத் திறந்தான். தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரே கட்டம், வரிசையாக: 'வீட்டுக்குக் கிளம்பு.' அழைக்கப்பட்டவர்கள், ஆபீஸ் மொத்தமும்.

"அது நான் போட்டது."

அண்ணி வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் காய்ந்துபோயிருந்தது.

"அவர் குளிக்கப் போனப்ப போட்டேன். 'எல்லாருக்கும்'னு எதையோ அமுக்கிட்டேன் போல. 'உங்க வீட்டம்மா எங்களையும்ல கூப்பிடறாங்க'ன்னு ஆபீஸே சிரிச்சிருக்கு. மானத்தை வாங்கிட்டியேடின்னு குதிச்சார். ஆனா அழிக்கல."

அழிக்கவில்லை, தள்ளிவைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆறு எட்டானது, எட்டு பதினொன்றானது. கடைசியில், முந்தாநாள் கிளம்ப வேண்டியதை நேற்றுக் கிளம்ப வேண்டியதற்கும் அப்பால் இழுத்துப் போடப் பார்த்திருக்கிறார். தினசரி அழைப்புகளின் தொடர் உடைந்தது அங்கேதான். அன்று ராத்திரி அவர் வீட்டுக்கே வரவில்லை. நேற்று மாலை நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

தம்பி அழிக்கும் பொத்தானைத் தொட்டான். 'இந்த ஒரு நாள் மட்டுமா, தொடர் முழுவதுமா?' என்று கேட்டது திரை.

"முழுசும்," என்றார் மேனேஜர் அவசரமாக. "முழுசும் எடுத்துடுங்க. நாளைக்கு விசாரணை அது இதுன்னு எவனாவது வந்தா, பாக்கறவங்க தப்பா எடுத்துப்பாங்க."

வெளியே வண்டி வந்து நின்றது. "நேரமாச்சு, ஆம்பளைங்க வாங்கப்பா," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"அழிக்காம ரிப்பேர் பண்ண முடியுமா?" என்று கேட்டாள் அண்ணி.

"முடியும் அண்ணி. கெட்டுப்போன அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துட்டா போதும். மத்ததெல்லாம் ஒழுங்கா வேலை செய்யும். தினம் ஆறு மணிக்கு எல்லாருக்கும் அடிக்கும்."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அடிக்கட்டும். அவங்களாவது வீட்டுக்குப் போகட்டும்."