வீட்டுக்கு ஒரு வோட்டு

என் புருசன் நல்ல மனிசன். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அந்த நல்லதனத்தைக் கொண்டுபோய் அடுப்பிலே வைக்க! ஊன்ட்றொப் ஊரிலுள்ள அம்மன் கோயில் திருவிழாவில், அன்னதான வரிசையில் நின்று, "நீங்கள் முதல் போங்கோ, நீங்கள் முதல் போங்கோ" என்று எல்லாரையும் முன்னால் விட்டு, கடைசியில் வெறும் வாளியைப் பார்த்துவிட்டு வந்து, "சனம் நல்லாச் சாப்பிட்டுது, தக்சா" என்று சொன்ன ஆள். பெயர் சயந்தன். தூரத்தில் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், சவர்லாண்ட் மலைக்குள் ஒரு சின்னக் கிராமம். தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். மகள் கவிசா முதலாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூடச் சபையில் பெற்றோருக்கான கதிரை ஒன்று காலியானது. வேறு நேரமென்றால் நான் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் சபைக்கு முன்னால் ஒரு தீர்மானம் கிடந்தது. பிள்ளைகள் கூட நேரம் நித்திரை கொள்ளட்டும், பள்ளிக்கூடம் எட்டு மணிக்குப் பதிலாக எட்டே முக்காலுக்குத் தொடங்கட்டும் என்று. சபையில் பாதிப் பேர் ஓம், பாதிப் பேர் இல்லை. அந்தக் காலிக் கதிரையில் யார் குந்துகிறாரோ, அவர் சொல்வதுதான் முடிவு.

நான் முதியோர் இல்லத்தில் தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிறேன். முப்பத்தெட்டு வயதில், எத்தனையோ இடங்களில் இல்லை என்று சொன்ன பிறகு கிடைத்த பயிற்சி. எட்டரைக்கு அங்கே நிற்க வேண்டும். இவர் வேலை முடிந்து வீடு வர ஒன்பது தாண்டும். ஆறு வயதுப் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டா போவேன்? ஒருநாள் இரண்டுநாள் என்றால் பக்கத்து வீட்டில் விடலாம், வருசம் முழுக்க யார் வைத்திருப்பார்கள்? வேலை நேரத்தை மாற்றிக் கேளுங்கோ என்று இவரிடம் சொன்னேன். ஒரு கிழமை கழித்து, "ஏலாதாம்" என்றார். நேரம் மாறினால் என் பயிற்சி போச்சு. சரி, நானே அந்தக் கதிரைக்கு நிற்கிறேன் என்று பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு கிழமை வீடு வீடாக மணி அடித்தேன். நாய் குரைக்காத வீடில்லை.

"சனம் என்ன நினைக்கும், தக்சா?"

"நினைக்கட்டும்! நினைக்கிறதுக்கு ஆரும் காசு கேக்கினமே?"

எதிரே நின்றது திருமதி பிறிங்மான். பள்ளிக்கூடம் பிந்தித் தொடங்கவேண்டும் என்ற கட்சி. மனுசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

வோட்டுப் போடுகிற பெற்றோர் கூட்டத்தன்று பின்னேரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவிசாவும் மற்றப் பிள்ளைகளும் மூலையில் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். பிறிங்மான் நித்திரையைப் பற்றி அழகாகப் பேசினார். எனக்கு அழகாகப் பேசத் தெரியாது. "நேரம் மாறினால் நான் பயிற்சியை விடவேண்டும். எனக்கு விட விருப்பமில்லை. என்னைப் போல இன்னும் இரண்டு தாய்மார் இங்கே இருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். பின்வரிசையில் சிலர் கை தட்டுவதற்குப் பதிலாக மேசையில் தட்டினார்கள். ஐயோ, வெல்லப் போகிறேன்!

வீட்டுக்கு ஒரு வோட்டுத்தான். போட்டியிடுகிற எங்கள் இருவரையும் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள், அதனால் எங்கள் வோட்டுத் துண்டு இவர் கையில் போனது. சோதனை எழுதுகிற பெடியன் மாதிரி கையால் மறைத்து எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எண்ணத் தொடங்கினார்கள். பலகையில் எனக்கு ஒரு கோடு, அவவுக்கு ஒரு கோடு. நான் ஒரு காலில் நின்று மறுகாலில் நின்று, தண்ணீர் குடித்து, மோதிரத்தைக் கழற்றிப் போட்டு, பலகையைப் பார்க்கவும் ஏலாமல் பார்க்காமல் இருக்கவும் ஏலாமல் நின்றேன். கடைசித் துண்டை விரித்தார்கள். பிறிங்மான். ஒரு வோட்டால் தோற்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். இவர்தான் பலமாகத் தட்டினார்.

காருக்குள் ஏறி இருந்தபோது இவர் மெல்லச் சொன்னார்.

"நல்ல மனுசிதானே. நானும் அவவுக்குத்தான் போட்டனான்."

"என்ன?"

"எங்கட பேரை நாங்களே எழுதுறதோ, தக்சா? வெக்கக்கேடெல்லோ. மற்ற எல்லாரும் உமக்குத்தானே போடுவினம் எண்டு நினைச்சன்."

இவர் என் பெயரை எழுதியிருந்தால் எனக்கு ஒன்று கூடி அவவுக்கு ஒன்று குறைந்து, நான் வென்றிருப்பேன். கார் கண்ணாடி அதிரக் கத்தினேன். பின்சீட்டில் கவிசா காதைப் பொத்திக்கொண்டாள்.

"போனை எடுங்கோ. இப்பவே முதலாளிக்கு அடிச்சு வேற நேரம் தாங்கோ எண்டு கேளுங்கோ!"

"அந்தாள் சாப்பிடுற நேரம்..."

"சாப்பிடட்டும்!"

இவர் கை போகவில்லை. நானே காரின் திரையில் முதலாளி லோமனின் பெயரைத் தட்டினேன். மணி இரண்டு தரம் போனது, லோமனின் குரல் கார் முழுக்கக் கேட்டது. இவர் அந்தாளின் முழங்கால் நோவை விசாரித்தார். மழையைப் பற்றிச் சொன்னார். பிறகு, "சரி, அப்ப வைக்கிறன்" என்று ஜெர்மனில் சொல்லத் தொடங்கினார். தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அப்போதுதான் பகல் பக்கம் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டார்.

"மத்தியானம் தொடங்கிற வேலை இருக்கு," என்றார் லோமன். "வசந்த காலத்தில் இருந்து அந்த இடம் காலியாகத்தான் கிடக்கு. நீ ஒருநாளும் கேட்கவில்லையே, உனக்கு இரவுதான் பிடிக்கும் என்று இருந்தேன். திங்கட்கிழமையே தொடங்கு."

தொடர்பு அறுந்தது. காலமையில் இவர் வீட்டில் நிற்பார். பள்ளிக்கூடம் பத்து மணிக்குத் தொடங்கினாலும் இனி எனக்கென்ன. சந்தோசப்பட வேண்டும். பட முடியவில்லை.

"ஏலாதாம் எண்டு சொன்னியளெல்லோ? ஆர் சொன்னது?"

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னுக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டால் ஏலாதெண்டுதான் சொல்லுவினம் எண்டு நினைச்சன்."

நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். கவிசா பிறந்ததும் இவர் வேலைக்குப் போன ஓர் இரவில்தான், பல் முளைத்ததும், நடந்ததும் இவர் காலமை வந்து நித்திரையாக இருந்தபோதுதான். எட்டு வருசமாக இந்த மனிசன் இரவு வேலைக்குப் போயிருக்கிறார், ஒருதரம்கூடக் கேட்காமல், யாரும் அவரிடம் ஏலாது என்று சொல்லாமலே.