கனுவன்று ஒரு வாய்

அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் நன்றாக இருக்கட்டும் என்றுதானே நான் வேண்டிக்கொள்ள வேண்டும்?

மொட்டை மாடியில் மஞ்சள் இலையை விரித்து, மஞ்சளும் சிவப்புமாகச் சாதத்தை உருட்டி வைத்துக்கொண்டே வைதேகி நினைத்தாள். கூடப் பிறந்தவன் நலமாக இருக்கவேண்டும் என்று பொங்கலுக்கு மறுநாள் காக்கைக்கு இடும் கனுப்பிடி. முப்பது வருஷமாகத் தம்பிக்காக இடுகிறாள். இந்த வருஷம்தான் வேண்டுதல் தொண்டையில் நின்றது.

அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து ஒன்றரை வருஷம். இன்று செய்துகொள்ள வேண்டிய டயாலிசிஸ், பொங்கல் விடுமுறையால் வியாழனுக்குத் தள்ளிப்போயிருந்தது. அதுவரை வாயைக் கட்டவேண்டும், பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தேங்காய், வெல்லம், வாழைப்பழம், முந்திரி. பண்டிகை என்றால் வேறென்ன இருக்கிறது?

குளித்துவிட்டு வந்து தேங்காய் சாதமும் எலுமிச்சை சாதமும் அவளே கிளறினாள். அவளுக்கான அவரைக்காயைக் கணவர் ராஜகோபாலன் இரண்டு முறை வேகவைத்து, பொட்டாசியம் குறைய இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டினார். உப்பு கிடையாது. நாள் முழுவதற்குமான அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இருந்தது. அதில் பாதி ஏற்கெனவே போய்விட்டது.

பதினோரு மணிக்குத் தம்பி ஸ்ரீனிவாசராகவன் வந்தான். நான்கு மாதம் கழித்து வருகிறான். அவளுக்குச் சிறுநீரகம் கொடுக்கப் புரட்டாசியில் அவனுக்குப் பரிசோதனை நடந்தது, எல்லாம் பொருந்தியது. அதன்பின் தீபாவளிக்கு ஆபீஸ் வேலை என்றான். கார்த்திகைக்கும் அதே வேலை. போன் செய்தால் அவன் மனைவி மாளவிகா, “குளிச்சிண்டிருக்கார்க்கா” என்பாள். சாயங்காலம் ஐந்து மணிக்கும் குளித்துக்கொண்டிருப்பான்.

“என்ன அத்திம்பேர், பண்டிகையும் அதுவுமா பனியனோட இருக்கேள்?” என்று உரக்கச் சிரித்தான்.

“சமையல்காரனுக்கு ஏதுடா சீனு பண்டிகை?” என்றார் ராஜகோபாலன்.

கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வந்த எவர்சில்வர் தூக்கை அவன் திறந்தான். சர்க்கரைப் பொங்கல். நெய் மிதந்தது.

“மாளவிகா பண்ணினா. முந்திரிக்கு நடுவுல சாதத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.”

“அவளுக்கு ஆகாதுன்னு நோக்குத் தெரியுமோல்லியோ?”

“ஒரு ஸ்பூன்தானே அத்திம்பேர். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணினது. ஒண்ணும் பண்ணாது.”

ராஜகோபாலன் சமையலறைக்குப் போனார். சீனுவைப் பகைத்துக்கொள்ள அவருக்குப் பயம். இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

சீனு அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினான். அவளுடைய இடது கையில் டயாலிசிஸுக்கு ஊசி போட்டுப் போட்டுப் புடைத்திருந்த இடத்தை அவன் பார்க்கவே இல்லை.

“ஒரு வாய்க்கா. எம்மேல வருத்தமில்லேன்னா சாப்பிடு.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கொடுக்கப்போவதில்லை என்று அங்கே தெளிவாகத் தெரிந்தது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லப்போவதும் இல்லை. இந்த ஸ்பூன் உள்ளே போய்விட்டால் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது. அவனுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். பயப்படுவதில் தப்பில்லை. மனசுக்குள் அவனுக்காக எத்தனையோ தடவை அவளே வாதாடியிருக்கிறாள். அப்படி வாதாடிக் களைத்த பிறகு அவனை வெறுத்தும் இருக்கிறாள்.

ஏலக்காய் வாசனையில் நாக்கில் நீர் ஊறியது. காலையிலிருந்து வறண்டு கிடந்த வாய்க்கு அந்த ஊறல்கூட இன்பமாக இருந்தது. வாயைத் திறந்தால் போதும். இவனுக்கு நிம்மதி. சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இன்னும் கொஞ்ச நாள் நம்பிக்கை. வீட்டில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் விழுங்கிச் சரிசெய்தவள் அவள்தான்.

“அக்கா, கை வலிக்கறது.”

அவன் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல விலக்கினாள்.

“வேண்டாம் சீனு,” என்றாள். “நான் வியாழக்கிழமை வரைக்கும் இருக்கணும்.”